பழைய கண்ணுக்குப் புதிய வேலை

மனிதருக்கு வயது ஏறினால் கண் மங்கும். இது யாவரும் அறிந்த விஷயம். நாற்பதைத் தாண்டிய நாமும் பத்திரிகையைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டோம். ஆனால், கண்ணாடிக்கு வயது ஏறினால் சில சமயம் பார்வை கூடும் என்று சொன்னால் நேயர்கள் நம்புவார்களா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்து தேசத்து யார்க் நகரில், தொலைநோக்கி செய்யும் கம்பெனி ஒன்றில் டென்னிஸ் டெய்லர் என்பவர் வேலை பார்த்தார். பல வருஷம் புழங்கி, மேற்பரப்பு லேசாக நிறம் மாறிப் போன லென்ஸுகள் கெட்டுப் போனவை என்றே அக்காலத்தில் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அவர் சோதித்துப் பார்த்தார். புத்தம் புதிய லென்ஸை விட அந்தப் பழைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடக் கண்டார்! காலம் அதன் மேல் பூசியிருந்த மெல்லிய படலம், கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஓடும் ஒளியைக் குறைத்திருந்தது. பிறகு 1935-ல், ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மக்குலா என்னும் அறிஞர், அத்தகைய படலத்தை மனிதர் கையாலேயே பூசும் முறையை வகுத்தார். இன்று நம் மூக்குக் கண்ணாடியிலும் காமிராவிலும் நீலமும் பச்சையுமாக மினுங்குகிறதே, அந்தப் பூச்சின் வம்சாவளியைத் தேடிப் போனால், அழுக்கேறியது என்று ஒதுக்கப்பட்ட ஒரு கிழட்டு லென்ஸில் போய் நிற்க வேண்டும்.

இந்த வாரம் பழைய லென்ஸுகளைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டது. மழைக்காலத்தின் ஈரத்தில், பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் லென்ஸுகளில் பூஞ்சணம் படர்ந்திருக்கும் சமயம் இது. அடுத்தாற்போல் போகி வருகிறது. பழைய சாமான்களை வீட்டை விட்டுக் கழிக்கும் நாள். பூஞ்சணத்துக்கும் போகிக்கும் நடுவே அகப்பட்டுக் கொண்டு, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று நம் கரிசல் சீமை முழுவதும் எத்தனையோ நல்ல லென்ஸுகள் ஆண்டுதோறும் அழிந்து போகின்றன. அவற்றுக்காக நேயர்களிடம் வக்காலத்து வாங்கவே முன் வந்தோம்.

ஓட்டைக் கூரையும் ஒளிப்படமும்

லென்ஸ் என்பது என்ன? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்க நமக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஒரு சிறு துவாரம் இருந்தால் போதும். அதன் வழியே விழும் வெயில், தரையில் வட்டக் காசு போல் கிடக்கும். துவாரம் கோணலாக இருந்தாலும் காசு வட்டமாகவே இருக்கும். ஏனெனில், அது துவாரத்தின் உருவம் அல்ல, சூரியனுடைய உருவம். 2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் சூரிய கிரகணம் பிடித்தபோது, புளிய மரத்தடியில் கிடந்த வெயில் காசுகள் அத்தனையும் பிறைகளாகத் தேய்ந்ததை நம் மாணவர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

சிறு துவாரம் படம் எழுதும். ஆனால் மங்கலாக எழுதும். துவாரத்தைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் குழம்பிப் போகும். உருவமும் தெளிவாக வேண்டும், வெளிச்சமும் தாராளமாக வேண்டும் என்றால் துவாரத்தில் ஒரு கண்ணாடியைப் பொருத்த வேண்டும். அதுதான் லென்ஸ். இந்த இரண்டு ஆசைகளையும் ஒன்று சேர்ப்பதற்காக மனிதர் பட்ட பாடே லென்ஸின் சரித்திரம்.

1839-ல் பாரிஸ் நகரில் டாகேர் தமது புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது, அவருடைய லென்ஸ் மிகவும் மந்தமானது. ஒரு மனிதரைப் படம் எடுக்க வேண்டுமானால் அவர் நிமிஷக் கணக்கில் சிலை போல உட்கார வேண்டும். அடுத்த ஆண்டே வியன்னா சர்வகலாசாலையின் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் இதற்கு வழி கண்டார். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதுதான் அதுவரை வழக்கம். அவரோ முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டார். கணக்கு மலை போலக் குவிந்ததால், பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த சிப்பாய்களை உதவிக்குக் கொடுத்தார்கள். நான்கு கண்ணாடிகளைப் பித்தளைக் குழாயில் அடுக்கிய அந்த லென்ஸ், பழைய லென்ஸைப் போல் சுமார் பதினாறு மடங்கு வெளிச்சம் வாங்கியது. நிமிஷங்கள் விநாடிகளாகச் சுருங்கின. குழந்தையையும் கிழவரையும் படம் எடுக்கலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது.

பெட்ஸ்வாலின் லென்ஸைச் செய்து விற்ற வாய்க்லாண்டர் கம்பெனி செழித்தது. பேராசிரியருக்கும் கம்பெனிக்கும் மனஸ்தாபம் மூண்டது. 1859-ல் அவர் வீட்டில் கள்வர் புகுந்து, கையெழுத்துப் பிரதிகளை அழித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவர் ஒளியியல் ஆராய்ச்சியையே கைவிட்டார். ஆனால் அவருடைய பித்தளைக் குழாய் உலகமெல்லாம் சுற்றியது. அதற்குப் பின் 1893-ல், நாம் முன்னே சொன்ன டென்னிஸ் டெய்லர் மூன்றே கண்ணாடிகளால் 'குக் டிரிப்ளெட்' என்னும் லென்ஸை அமைத்தார். 1902-ல் ஜைஸ் கம்பெனியின் பவுல் ருடால்ப், நான்கு கண்ணாடிகளால் 'டெஸ்ஸார்' அமைத்தார். பழைய காமிரா எதைத் திறந்தாலும், பெரும்பாலும் இம்மூவரில் ஒருவருடைய கணக்குத்தான் அதற்குள் இருக்கும்.

கரிசல் சீமைக்கு வந்த கண்கள்

இந்தக் கண்கள் தமிழ்நாட்டைப் பார்க்கத் தொடங்கி வெகு காலமாயிற்று. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மதுரையையும் தஞ்சையையும் பெரிய காகித நெகட்டிவுகளில் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை, 21 படங்களை ஒட்டிச் சேர்த்துப் பத்தொன்பது அடி நீளச் சுருளாக அமைத்தார். 1905-ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சலனப்படக் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அந்தக் கருவியின் உயிர்நிலையும் லென்ஸ்தான். காமிராவின் லென்ஸ் உலகத்தை உள்ளே வாங்கும், சினிமா யந்திரத்தின் லென்ஸ் உள்ளே இருப்பதை உலகத்துக்குக் கொடுக்கும், அவ்வளவே வித்தியாசம். சினிமா யந்திரங்களில் நெடுங்காலம் வழங்கிய லென்ஸுகளில் பல, பெட்ஸ்வால் போட்ட கணக்கின் வழி வந்தவை என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் ஸ்டூடியோக்கள் தோன்றியபோது, அவை கிராமத்துக்கு ஒரு சிறு அரண்மனையாக விளங்கின. பருத்தி விற்ற கையோடு குடும்பம் முழுவதும் வண்டி கட்டிக் கொண்டு வந்து, திரைச்சீலையின் முன் நிற்பார்கள். திரையில் படிக்கட்டும் பூந்தொட்டியும் எழுதியிருக்கும். நாடகத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் திரை எழுதுவது அக்காலத்தில் ஏறக்குறைய ஒரே கலை. நாடகத் திரைகள் தீட்டி வந்த ஓவியர் கொண்டையராஜு, பின்னர் கோவில்பட்டியிலேயே தங்கி, தம் சீடர்களுடன் வரைந்த காலண்டர் படங்கள் தமிழர் வீட்டுச் சுவர்களில் எல்லாம் தொங்கின. 1976-ல் அவர் மறையும் வரை, கோவில்பட்டி தீப்பெட்டிக்கு மட்டுமின்றிச் சித்திரத்துக்கும் ஊராக இருந்தது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாருக்குக் கிடைத்துள்ள புகைப்படங்கள் ஐந்து என்பது ஆராய்ந்தவர்கள் கணக்கு. கையில் தடியுடன் அவர் காரைக்குடியில் இருந்த கோலத்தை ஒரு லென்ஸ் கண்டிராவிட்டால், அந்தப் பார்வையை நாம் எங்கே போய்த் தேடுவோம்? ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சி.யின் முகத்தை, அவர் பிறந்த வீட்டு நினைவில்லத்துக்கு வரும் குழந்தைகள் அண்ணாந்து பார்ப்பதும் ஒரு லென்ஸின் தயவினால்தான். படத்தைப் போற்றுகிறோம். படத்தில் இருப்பவரைப் போற்றுகிறோம். அவரைப் பார்த்த கண் என்னவாயிற்று என்று நாம் கேட்பதில்லை.

எடைக்குப் போன கண்

என்னவாயிற்று என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மூன்று தலைமுறையாக நடந்த ஸ்டூடியோ சில வருஷங்களுக்கு முன் மூடப்பட்டது. கைப்பேசி வந்த பிறகு பாஸ்போர்ட் படத்துக்குக்கூட ஆள் வரவில்லை. கடையைக் காலி செய்தபோது, பாட்டனார் காலத்துப் பித்தளை லென்ஸ் ஒன்று பரணில் இருந்து இறங்கியது. தகவல் தெரிந்து நாம் போவதற்கு முன், அது பழைய பாத்திரக் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் பித்தளையை மட்டும் நிறுத்து வாங்கினாராம். "கண்ணாடி எடையில சேராதுன்னுட்டாக, வாத்தியாரய்யா. சுத்தியலால தட்டி எடுத்துட்டுத்தான் நிறுத்தாக" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வாடகை பாக்கி, மகள் படிப்பு, எல்லாம் இருந்தன. குழாய்க்குத்தான் விலை, கண்ணாடிக்கு விலை இல்லை என்று உலகம் அவருக்குச் சொல்லியிருந்தது. ஆனால் அந்தக் குழாயில் எதற்காக இத்தனை பித்தளை? நான்கு கண்ணாடிகளைத் தலைமயிரளவு பிசகாமல் நிறுத்தி வைப்பதற்காக அல்லவா? ஊரில் இரண்டு மூன்று தலைமுறைகளின் கல்யாணங்களும், கைக்குழந்தைகளும், கண் மூடிய பெரியவர்களும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் காகிதத்தில் ஏறினார்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கேடும் உண்டு. அதுதான் சேகரிப்பாளர் கேடு. உலகத்தில் பழைய காமிராவுக்கும் லென்ஸுக்கும் பித்தாகத் திரிகிறவர்கள் பலர். 2022-ல் ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரில் நடந்த ஏலத்தில், லெய்க்கா காமிராவை உண்டாக்கிய ஆஸ்கர் பார்னாக் தாமே வைத்திருந்த ஒரு காமிரா, 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? சோவியத் நாட்டில் செய்த காமிராவுக்கும் லென்ஸுக்கும் லெய்க்கா என்றும் எல்மார் என்றும் பெயர் பொறித்து விற்கும் தொழில் நெடுநாளாக நடந்து வருகிறது. இத்தகைய பொருள்களை வாங்குகிற செல்வர் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிறார். பூட்டிய லென்ஸ் என்ன செய்யும்? பூஞ்சணத்துக்கு இரையாகும்.

ஈரமும் இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால், கண்ணாடியின் மேல் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். அது சுரக்கும் அமிலம் முதலில் பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். ஒரு முறை ஆழமாக அரித்துவிட்டால் துடைத்தாலும் வடு போகாது. வெளிச்சத்திலும் காற்றிலும் அடிக்கடி எடுத்துப் புழங்கும் லென்ஸை இந்த நோய் எளிதில் அண்டுவதில்லை. திரும்பாத வளையம் இறுகும். மூடித் திறக்காத தகடுகள் எண்ணெய் பிசுக்கில் ஒட்டிக் கொள்ளும். ஏரும் கிணறும் போல லென்ஸும் புழக்கத்தினாலேயே பிழைத்திருக்கிறது.

அபூர்வமான லென்ஸைக் கையாளுவது எப்படி என்பதற்கு நமக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் சினிமா உலகில் இருக்கிறது. 1960-களில் ஜைஸ் கம்பெனி 50 மில்லிமீட்டர் பிளானார் லென்ஸ் ஒன்றைப் பத்தே பத்து எண்ணிக்கையில் செய்தது. அதன் வாய் அகலம் எஃப் 0.7. பெட்ஸ்வாலின் லென்ஸைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்க வல்லது. ஆறு லென்ஸுகளை அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசா வாங்கிக் கொண்டது. மூன்று லென்ஸுகளை டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கினார். அவற்றை அவர் அலமாரியில் வைக்கவில்லை. 1975-ல் வெளிவந்த 'பேரி லிண்டன்' என்ற படத்தில், மின்சார விளக்கு இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்துக் காட்டினார். இதுவன்றோ அபூர்வப் பொருளுக்குச் செய்யும் மரியாதை!

பழைய கண் எப்படிப் பார்க்கிறது?

"புதிய காமிராவே ஊசி முனையைக்கூடக் காட்டுகிறதே, பழையது எதற்கு?" என்று வீட்டிலுள்ள இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

புதிய லென்ஸ் படத்தின் நடுவையும் ஓரத்தையும் ஒரே கூர்மையாகக் காட்டுகிறது. பெட்ஸ்வால் வகை லென்ஸ் அப்படியல்ல. நடுவிலுள்ள முகத்தைக் கத்தி போலத் தெளிவாகக் காட்டும். ஓரம் போகப் போக உருவம் நெகிழும். ஒரு பாட்டியை வேப்ப மரத்தின் முன் உட்கார வைத்து இதில் எடுத்துப் பாருங்கள். முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். பின்னாலுள்ள வேப்பிலைகள் யாவும் அவரைச் சுற்றி வட்டமாகச் சுழல்வது போலத் தோன்றும். கணித சாஸ்திரத்தில் இது ஒரு குறை. ஆனால் பார்க்கிறவர் கண்ணை இந்தக் குறையே முகத்துக்கு இழுத்துக் கொண்டு போகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ருஷ்யர்கள், ஜைஸ் கம்பெனியின் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றி 'ஹீலியோஸ் 44' என்ற லென்ஸை லட்சக்கணக்கில் செய்தார்கள். அதிலும் இந்தச் சுழற்சி உண்டு. விலை மலிவு, பழகுவதற்கு ஏற்றது. ஜெர்மனியில் மேயர் கம்பெனி செய்த டிரையோப்ளான் லென்ஸோ, பின்னணியில் பனித்துளி இருந்தால் அவற்றைச் சோப்புக் குமிழிகளாக மாற்றிவிடும். அதன் உள்ளே இருப்பது டென்னிஸ் டெய்லரின் மூன்று கண்ணாடிக் கணக்கு. மார்கழிக் காலையில் கம்பங்காட்டு ஓரம் போய்ப் பார்க்க வேண்டிய வேடிக்கை அது.

இவற்றை இன்றைய காமிராவில் பொருத்தலாமா? தாராளமாகப் பொருத்தலாம். முன்பு காமிராவுக்குள் சாய்ந்து நின்று படத்தை மேலே திருப்பிய ஆடியை, இப்போது எடுத்துவிட்டார்கள். இவ்வகைக் காமிராவை வியாபாரிகள் 'மிர்ரர்லெஸ்' என்கிறார்கள். ஆடி போனதால் லென்ஸுக்கும் உள்ளேயுள்ள உணரிக்கும் நடுவே இடம் மிச்சமாயிற்று. ஹீலியோஸ் போன்ற 42 மில்லிமீட்டர் திருகு லென்ஸுகள் உணரியிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சோனி காமிராவில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர். ஆகவே 27.46 மில்லிமீட்டர் உயரமுள்ள வெறும் உலோக வளையம் ஒன்று நடுவே இருந்தால் காரியம் முடிந்தது. அதற்குள் கண்ணாடியும் இல்லை, யந்திரமும் இல்லை. காமிராவுக்கு இந்தக் கிழவரை அடையாளம் தெரியாது. 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு' என்று அதன் பட்டியலில் ஒரு கட்டளை இருக்கும், அதை அமர்த்திவிட வேண்டும். பிறகு தூரத்தையும் வெளிச்சத்தையும் நம் விரல்களே பார்த்துக் கொள்ளும்.

சினிமா யந்திர லென்ஸைப் பற்றி முன்பு சொன்னோம் அல்லவா? தியேட்டர்கள் எல்லாம் டிஜிட்டல் முறைக்கு மாறிய பிறகு, டூரிங் டாக்கீஸ் காலத்து லென்ஸுகள் பழைய இரும்புக் கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றில் பலவும் பெட்ஸ்வாலின் பேரன்மார். தண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கும் பி.வி.சி. குழாய் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று நகரும்படி செய்து, முன்னால் லென்ஸையும் பின்னால் காமிராவையும் பொருத்தினால், முகப்படம் எடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை என்று சொல்லும் ரஸிகர்கள் உண்டு.

காமிரா வாங்க வசதியில்லாதவரும் விசாரப்பட வேண்டாம். ஓய்வு பெற்ற ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பித்தளை லென்ஸை அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் பொருத்தி, எதிர்ப்பக்கம் எண்ணெய்க் காகிதம் ஒட்டி நம் வகுப்புக்கு ஒரு முறை காட்டினோம். பள்ளிக்கு வெளியே விரிந்த கரிசல் காடு, தலைகீழாக, நிறத்தோடு, அசைவோடு காகிதத்தில் விழுந்தது. பருத்திச் செடி தலைகீழாக ஆடியது. ஆட்டுக்கிடை தலைகீழாக நடந்தது. அன்று முழுவதும் பிள்ளைகள் மணி அடித்ததையும் கவனிக்கவில்லை. லென்ஸுக்குச் சொந்தக்காரரான பெரியவரும் கூட வந்திருந்தார். அந்த லென்ஸுக்கு ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, வாயால் எண்ணி, மூடியை மாட்டுவதே அந்நாளைய முறை. உச்சி வெயிலுக்கு எத்தனை எண்ண வேண்டும், மப்புக்கு எத்தனை எண்ண வேண்டும் என்பதை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். எந்தப் புத்தகத்திலும் எழுதாத கணக்கு அது. ஒவ்வொரு லென்ஸுக்கும் வேறாக இருக்கும். லென்ஸ் போனால் அந்தக் கணக்கும் கூடப் போகும்.

நம் சீமை வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சில்லாத பழைய லென்ஸ் நேர் வெயிலைத் தாங்காது. படம் முழுவதும் பால் தெளித்தது போல வெளிறிவிடும். கறுப்புக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி முன்னால் குடை போல் வைத்துக் கொள்ள வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னும், மாலை ஐந்துக்குப் பின்னும், திண்ணை நிழலிலும் அது தன் பழைய யௌவனத்தைக் காட்டும்.

வீட்டிலுள்ளோர் கவனத்துக்கு

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய காமிரா இருந்தால், கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னாலிருந்து டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இருந்தால் பூஞ்சணம். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பழங்காலத்துப் பிசின் விட்டுவிட்டது என்று அர்த்தம். புகை படிந்தாற்போல் இருந்தால் உள்ளே எண்ணெய் ஆவி. இவற்றில் பலவும் கைதேர்ந்தவரால் தீரக்கூடியவை. ஆகவே, மங்கியிருக்கிறது என்று எறிந்துவிட வேண்டாம்.

தூசியைத் துடைப்பதற்கு முன் ஊதித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் தூசியே அரமாகி அறுத்துவிடும். வேஷ்டித் தலைப்பும் சேலை முந்தானையும் இதற்கு உதவா. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பித்தளை என்றதும் புளியைக் கரைத்து விடாதீர்கள்! குத்துவிளக்குக்குப் புளி அழகு; லென்ஸின் குழாய்க்கு அது விஷம். மேலுள்ள அரக்குப் பூச்சும், பொறித்த எழுத்தில் நிரப்பிய மையும் போய்விடும். அந்த எழுத்தும் எண்ணும்தான் லென்ஸின் ஜாதகம்.

தோல் உறையில் போட்டு வைக்கவும் கூடாது. தோல் ஈரத்தை வாங்கிப் பூஞ்சணத்துக்குச் சோறு போடும். மூடி இறுகிய டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் சிலவற்றுடன் வைத்து, மாதம் ஒரு முறையாவது எடுத்து நாலு படம் பிடியுங்கள்.

1960-களிலும் 70-களிலும் செய்த சில லென்ஸுகள், உதாரணமாக ஜப்பானிய டக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 வகையில் பல, வயதாகித் தேன் நிறமாக மாறியிருக்கும். அவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதே காரணம். கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான். படம் எடுப்பதற்கு அதனால் பயம் இல்லை. கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் கருவியாக மட்டும் அதை மாற்றக் கூடாது. அந்த மஞ்சளுக்கு மருந்து வெயில். பல நாட்கள் வெயில் படும்படி வைத்தால் நிறம் தெளியும். அந்த மருந்துக்கு நம் சீமையில் பஞ்சமே இல்லை! ஆனால் லென்ஸின் வேறு குணத்தை மறக்கக் கூடாது. பருத்திக்கும் வைக்கோலுக்கும் பக்கத்தில் திறந்த லென்ஸை வெயிலில் வைத்துவிட்டுப் போனால், தீப்பெட்டியின் வேலையை அதுவே செய்துவிடும். பின்பக்கத்தை நன்றாக மூடி, வெறும் தரையில், கண் பார்வையில் வைக்க வேண்டும். லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கலாகாது என்பதைக் குழந்தைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: ஒரு லென்ஸ் வாங்குங்கள், அதில் நூறு படமாவது எடுத்த பிறகு இரண்டாவதை நினையுங்கள். பத்து லென்ஸை வைத்துக் கொண்டு பத்துப் படம் எடுக்காதவர்களை நாம் அறிவோம். வீட்டுச் செலவுக்கு வைத்த பணத்தை இதில் போடுவது தகாது என்று சொல்லத் தேவையில்லை.

கூடிச் செய்ய வேண்டியது

தனி மனிதர் முயற்சிக்கு மேல் சில காரியங்கள் நடந்து வருவது சந்தோஷம் அளிக்கிறது. புகைப்படக்காரர் ஆதித்ய ஆர்யாவின் பெரும் சேகரிப்பைக் கொண்டு 2019-ல் குருகிராமில் காமிராக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறார்கள். படங்களுக்கு இப்படி ஒரு கதி மோட்சம் கிடைத்தது. அவற்றை எழுதிய லென்ஸுகளுக்கும், அவற்றை ஆண்ட கைகளுக்கும் அந்தந்த ஊரார்தான் வழி செய்ய வேண்டும்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். உங்கள் ஊரில் மூடிய ஸ்டூடியோ இருந்தால், அந்தப் பெரியவரை ஒரு மாலை போய்ப் பாருங்கள். அவருடைய லென்ஸில் என்ன பெயர், என்ன எண் பொறித்திருக்கிறது, எந்த வருஷம் யாரிடம் வாங்கினார், எந்த வெயிலுக்கு எத்தனை எண்ணினார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். அவர் விற்கத்தான் வேண்டும் என்றால், பித்தளை விலைக்கு அல்ல, லென்ஸ் விலைக்கு விற்க வழி சொல்லுங்கள். விற்க வேண்டாம் என்றால், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் இரவல் தரச் சொல்லுங்கள். விற்பதற்கு முன், அதே லென்ஸால் அவரை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். ஊரையெல்லாம் படம் எடுத்தவர் வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்று இல்லாதிருப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம்.

போகிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. பரணைச் சுத்தம் செய்யுங்கள். கிழிந்த பாயையும் உடைந்த முறத்தையும் தாராளமாகக் கழியுங்கள். பித்தளைக் குழாய் ஒன்று கையில் அகப்பட்டால் மட்டும், எடைக்குப் போடுமுன் வாசலுக்குக் கொண்டு வந்து, ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எதிர்வீட்டுத் திண்ணையும், அதில் உட்கார்ந்திருப்பவரும் காகிதத்தில் தலைகீழாக வந்து விழுந்தால், அந்தக் கண்ணுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அறிந்து கொள்ளுங்கள்.